சோதனைச் சாவடியில் ராணுவ வீரர்கள் பொதுமக்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

மரியாதையாகப் பேசுவது அவசியம்தான். ஆனால் இராக்கில் அமெரிக்கச் சாவடிகளில் நடந்த மோசமான சாவுகள் யாரும் வாய் திறக்கும் முன்பே, வண்டி நெருங்கும்போதே நடந்தவை. அதனால் தூரத்திலிருந்து தொடங்குகிறேன்.

60 கி.மீ. வேகத்தில் வரும் கார் நொடிக்குச் சுமார் 17 மீட்டர் நகரும். 100 மீட்டரில் சிப்பாய் கை காட்டினால் ஓட்டுநருக்கு இருப்பது 6 நொடி. கவனித்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் 25 மீட்டர் போய்விடும். வண்டி நிற்க இன்னும் 20, 25. கொஞ்சம் தடுமாறினாலும் துப்பாக்கி முனைக்கு வந்துவிடுவார். ஆகவே, 200 மீட்டருக்கு முன்பே இரவிலும் படிக்கக்கூடிய அரபிப் பலகை வேண்டும். அடுத்து, வேகத்தைத் தானாகவே குறைக்க வைக்கும் வளைந்த தடுப்புகள். அதற்குப் பிறகுதான் சிப்பாய்.

2005 மார்ச் 4 அன்று பாக்தாத் விமான நிலையச் சாலையில் இத்தாலிய உளவு அதிகாரி நிக்கோலா கலிபாரி அமெரிக்கச் சிப்பாய்களால் சுடப்பட்டு இறந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை இல்லை. விளக்கு அடிப்பதற்கும் குண்டு பாய்வதற்கும் இடையே சில நொடிகள்தான்.

சைகையும் ஆளைக் கொல்லும். அமெரிக்க ராணுவத்தில் மடக்கிய கையை உயர்த்தினால் ‘நில்’. இராக்கிய ஓட்டுநருக்கு அதை யார் சொன்னது? சைகையை மட்டும் நம்பாதீர்கள். எச்சரிக்கைக்காகச் சுடுவதையும் நம்பாதீர்கள்: ஏசி போட்டு ஜன்னலை மூடியிருப்பவருக்கு எங்கிருந்து சுடுகிறார்கள் என்று தெரியாது. பயந்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். மிதித்தால் தற்கொலைப்படை என்று முடிவாகிவிடும்.

வண்டி நின்றபின் வேலை எளிது. ஒருவர் பேசட்டும், இன்னொருவர் துப்பாக்கியைத் தரைநோக்கிப் பிடித்துக் காவல் நிற்கட்டும். கதவு, டிக்கி, பானெட் எல்லாவற்றையும் ஓட்டுநரே திறக்கட்டும். திறந்தால் வெடிக்கும் பொறிவெடி இருக்கலாம் என்பதற்காக. பெண்களைப் பெண் சிப்பாய்தான் சோதிக்க வேண்டும். அமெரிக்க மரைன் படை இதற்கென்றே ‘லயனஸ்’ (பெண் சிங்கம்) என்ற பெண்கள் குழுக்களை வைத்திருந்தது. பிள்ளைகள் பார்க்க அப்பாவை மண்டியிட வைக்காதீர்கள். சோதித்த சாமானைத் திரும்ப அதே இடத்தில் வையுங்கள்.

தவறாகச் சுட்டுவிட்டால் முதலில் மருத்துவ உதவி, பிறகு எழுத்தில் அறிக்கை, குடும்பத்துக்கு எங்கே முறையிடுவது என்ற விவரம். இராக்கில் ஓர் உயிருக்கு வழக்கமாக அதிகபட்சம் 2,500 டாலர் இரங்கல் தொகை கொடுத்தார்கள், தவறை ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை என்ற நிபந்தனையோடு.