எந்த இடத்தில் எந்த அடி? கொழும்பு கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்குப் பதில்கள்

கொழும்பில் கோல்ஃப் பழகும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி "எப்படி அடிப்பது?" என்பதுதான். அதற்கு முன் "இந்த இடத்தில் எதை அடிப்பது?" என்று கேட்டுப் பழகினாலே பல அடிகள் மிச்சமாகும். அந்த வகைக் கேள்விகளையே முதலில் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, பந்து கிரீனுக்கு (குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்தரை) வெளியே நாலைந்து அடியில் கிடக்கிறது. லொப் வெட்ஜ் மட்டையால் தூக்கப் போனால் ஒன்று பந்தின் தலையில் படுகிறது, இல்லாவிட்டால் நிலத்தைக் கிண்டுகிறது. என்ன செய்ய?

தம்பி, அந்த இடத்தில் லொப் வெட்ஜைப் பைக்குள்ளேயே விடுங்கள். பந்தில் படும் அதன் முகம் 60 பாகை அளவுக்குச் சரிந்தது. அடியின் பலத்தில் பெரும்பகுதி பந்தை மேலே தூக்கவே போய்விடும். அதனால் சின்னத் தூரத்துக்கும் பெரிதாக வீச வேண்டியிருக்கிறது. பெரிய வீச்சில் சிறு பிசகும் பெரிதாகத் தெரியும்.

புல் குட்டையாகவும் காய்ந்தும் இருந்தால் முதல் தெரிவு பந்தை உருட்டிவிடும் பட்டர் மட்டை. அதால் சுமாராக உருட்டிய பட் அடியும் குழிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இடையில் கொஞ்சம் புல் தடுத்தால் சிப் என்ற சின்ன அடியை அடியுங்கள். எடை முன்காலில், பந்து பின்காலை ஒட்டி, மணிக்கட்டு அசையக் கூடாது. கிரீனுக்குள் ஒரு எட்டு தள்ளி ஓர் இடத்தைக் குறித்து, பந்தை அங்கே விழவிட்டு, மிச்சத்தை ஓடவிடுங்கள். மட்டைக்கு மட்டை அனுபவக் கணக்கு ஒன்று உண்டு: சாண்ட் வெட்ஜில் பறப்பும் ஓட்டமும் சரிபாதி, பிட்சிங் வெட்ஜில் ஒரு பங்கு பறந்தால் இரண்டு பங்கு ஓடும், 8 அயர்னில் ஒன்றுக்கு நான்கு. கிரீனின் சரிவும் ஈரமும் இதை மாற்றும், ஆனாலும் தொடங்க இது போதும்.

நடுவே பங்கர் என்ற மணற்குழி, குழியின் கொடியோ பங்கரை ஒட்டி, பந்தும் புல்லின் மேல் நன்றாக உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் லொப் வெட்ஜை எடுக்கலாம். மொட்டைத் தரையில் பந்து கிடந்தால் அப்போதும் வேண்டாம்.

தெஹிவளையிலிருந்து ஒருவர்: மழைக்குப் பிறகு ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் ரிட்ஜ்வே மைதானத்தில் ஆடினால் உருட்டி விடும் பந்து பாதியிலேயே நின்றுவிடுகிறதே?

நிற்கத்தான் செய்யும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை ஊற்றிய பிறகு ஃபெயார்வேயில் (கிரீன் வரை போகும் குட்டைப் புல் பாதை) ஓட்டத்தை நம்ப முடியாது. மேலே சொன்னதில் இங்கேதான் விலக்கு. வெளியே விழுந்து ஓடி ஏறும் அடியை விட்டுவிட்டு, நேரே கிரீனில் விழும் பிட்ச் அடியுங்கள். தூரத்தைக் கணக்கிடும்போதும் பறக்கும் தூரத்தை மட்டும் எண்ணுங்கள். ஈர மண்ணில் மட்டை முதலில் தரையைத் தொட்டால் அடி செத்துவிடும். அதனால் பந்தை வழமையைவிடச் சற்றுப் பின்னால் வைத்து, பந்தை முதலில் தொடப் பாருங்கள்.

விதியும் உங்களுக்குச் சாதகம். காலடியில் தேங்கிய மழைத்தண்ணீர் நின்றால் தண்டனை இல்லாமல் பந்தை நகர்த்தலாம். பங்கரையும் தண்ணீர்ப் பகுதிகளையும் தவிர்த்த பொது இடத்தில் பந்து தன் குழியிலேயே புதைந்தாலும் அப்படித்தான். இது தெரியாமல் சேற்றிலிருந்து அடித்துத் தோற்பவர்களைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அக்கா: பங்கரில் சில நாள் சரியாக வருகிறது, சில நாள் பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கிறது. அடி ஒன்றுதானே?

அடி ஒன்றுதான் அக்கா, மணல் ஒன்றல்ல. காய்ந்த மணலில் சாண்ட் வெட்ஜின் முகத்தைத் திறந்து, அதாவது வானத்தைப் பார்க்கத் திருப்பி, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடித்து, வீச்சை முழுதாக முடியுங்கள். மணல்தான் பந்தைத் தூக்கி எறியும். மழையில் இறுகிய மணலில் அதே மட்டையின் தடித்த அடிப்பக்கம் உள்ளே இறங்காமல் எகிறி, பந்தின் நடுவில் இடிக்கிறது. நீங்கள் சொல்லும் பறப்பு இதனால்தான். அன்றைக்கு அடிப்பக்கம் மெலிந்த பிட்சிங் வெட்ஜை எடுங்கள், முகத்தை அதிகம் திறக்காதீர்கள், வீச்சையும் குறையுங்கள். பந்து முழுதாகப் புதைந்திருந்தால் முகத்தை மூடி, செங்குத்தாக இறக்குங்கள். வெளியே வந்தால் போதும், கொடியை மறந்துவிடுங்கள்.

அடிக்கு முன் பந்தின் பின்னால் உள்ள மணலில் மட்டையை ஊன்ற வேண்டாம். அடிகளை எண்ணி ஆடும் ஆட்டத்தில் அதற்கு இரண்டு அடித் தண்டனை.

பம்பலப்பிட்டியிலிருந்து: தண்ணீரைத் தாண்ட 140 யார் (கெஜம்) வேண்டும். என் 7 அயர்ன் 150 போகும். அடிக்கலாமா?

அந்த 150 உங்கள் நல்ல அடியா, வழமையான அடியா? வழமையானது 140 என்றால் பாதித் தரம் தண்ணீருக்குள்தான். ஒரு மட்டை கூட்டி, அதாவது இன்னும் தூரம் போகும் 6 அயர்ன் எடுங்கள். கிரீனுக்குப் பின்னால் இடமில்லை என்றால், உங்களுக்குப் பிடித்த வெட்ஜ் தூரத்தை மிச்சம் வைத்துத் தண்ணீருக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். தண்ணீரில் விழுந்தால் ஒரு அடித் தண்டனையோடு அதே தண்ணீரைத் திரும்பவும் தாண்ட வேண்டிவரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருதானையிலிருந்து: மரத்தடியில் மாட்டிக்கொண்டால்?

5 அல்லது 6 அயர்ன், பந்து பின்னால், பாதி வீச்சு, கையை இடுப்பு உயரத்தில் நிறுத்துங்கள். பந்து தாழப் போகும். இலைகளுக்கு நடுவே தெரியும் ஓட்டையைக் குறிவைக்காமல், பக்கவாட்டிலாவது ஃபெயார்வேக்கு வந்து சேருங்கள்.

கல்கிசையிலிருந்து ஒரு தம்பி: காற்றுக்கு எதிரே பலமாக அடித்தால் பந்து மேலே எழும்பி நின்றுவிடுகிறது, ஏன்?

பலமாக அடிக்க அடிக்கப் பின்சுழற்சி கூடும். சுழற்சி பந்தைத் தூக்கும். தூக்கிய பந்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒன்று அல்லது இரண்டு மட்டை கூட்டி, முக்கால் வீச்சில் நிதானமாக அடியுங்கள்.

1879 இல் தொடங்கிய கொழும்புக் கழகம் முதலில் ஆடியது காலிமுகத் திடலில்தான். கடற்காற்றில் ஆடிய அந்த ஆட்டக்காரர்கள் தாழ அடிக்கக் கற்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 1896 இல்தான் பொரளைப் பக்கம் ரிட்ஜ்வேக்கு வந்தார்கள். 'ரோயல்' பட்டம் கிடைத்தது 1928 இல்.

வத்தளையிலிருந்து: அடுத்த மாதம் நுவரெலியாவில் ஆடப் போகிறேன். என்ன மாற்ற வேண்டும்?

உயரத்தில் காற்று ஐதானது, பந்து கொஞ்சம் கூடத் தூரம் போகும். குளிர் அதில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். முதல் சில குழிகளில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தூரத்தைவிடச் சரிவுதான் அங்கே சோதிக்கும். வலக்கைக்காரருக்குப் பந்து காலைவிட மேட்டில் இருந்தால் இடப்பக்கம் போகும், பள்ளத்தில் இருந்தால் வலப்பக்கம். அதற்கேற்பக் குறியை நகர்த்துங்கள்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஒரு தாய்: மகளுக்குப் பத்து வயது. எந்த அடியை முதலில் பழக்கலாம்? முழு செட் வாங்க வேண்டுமா?

வேண்டாம் அம்மா. விதி 14 மட்டை வரை அனுமதிக்கிறது, பிள்ளைக்கு மூன்று போதும்: பட்டர், 7 அயர்ன், சாண்ட் வெட்ஜ். உயரத்துக்கு ஏற்ற சிறுவர் மட்டையாகப் பாருங்கள். பெரியவர்களின் மட்டையை வெட்டிக் கொடுத்தால் பாரம் அப்படியே இருக்கும், கை வலிக்கும். குழிக்குப் பக்கத்தில் பட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரட்டும்: பட், பிறகு 7 அயர்னால் சிப், பிறகு அரை வீச்சுப் பிட்ச். மிகத் தூரம் அடிக்கும் ட்ரைவர் மட்டையைக் கேட்டு அடம்பிடித்தால் பயிற்சியின் கடைசியில் சில பந்துகள் அடிக்க விடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் "எதை எடுக்கப் போகிறாய், ஏன்?" என்று கேளுங்கள். பிள்ளை பிழையாகச் சொன்னாலும் அதையே அடிக்க விடுங்கள்.