இரவு ஏறி, விடிந்ததும் நியூயார்க்கா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள் ஜூலையில் நியூயார்க் போகிறாள். நடுவில் எங்கும் இறங்காத விமானமாம். டிக்கெட்டில் இரவு 11.35-க்குப் புறப்பாடு, மறுநாள் காலை 6.00-க்கு வந்து சேரும் என்று போட்டிருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகவே ஏழு மணி நேரம் ஆகிறதே, அச்சுப் பிழையா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிழை இல்லை அம்மா. 11.35 என்பது சிங்கப்பூர் கடிகாரம், 6.00 என்பது நியூயார்க் கடிகாரம். ஜூலையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 13. அந்த 12-ஐயும் சேர்த்துக்கொண்டால் 18 மணி 25 நிமிடம். உலகத்திலேயே மிக நீளமான விமானப் பயணங்களில் இது ஒன்று.

தூரத்தையும் பார்த்துவிடலாம். புவியியல் வாத்தியாராக இருந்தவன் நான். மேஜையில் ஒரு பழைய உலக உருண்டை இருக்கிறது. பிள்ளைகள் விரல் பட்டுப் பட்டு அதில் சிங்கப்பூர் தேய்ந்தே போய்விட்டது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் வீட்டில் பூ கட்டும் நூலை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன். நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேரே வடக்கே ஏறி, வட துருவத்தை உரசிக்கொண்டு கனடா வழியாக இறங்கியது! சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை ஏறக்குறைய 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் 49.4. ஆக 138 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,300 சொச்சம்.

ஆனால் விமானி என் நூலைப் பிடித்துக்கொண்டு போகமாட்டார். பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அது முதுகைத் தள்ளட்டும் என்று பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போவார்கள். வெள்ளத்தோடு போகிற பரிசல் மாதிரிதான். தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதும் உண்டு. அதாவது கிழக்கே போய், கிழக்கேயே திரும்பி, உலகத்தை ஒரு சுற்று! எந்த வழி என்பதை அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அப்புறம், டிக்கெட்டில் போடும் நேரம் முழுவதும் பறக்கும் நேரமல்ல. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், இறங்கியபின் வாசலுக்கு வந்து நிற்பதும் அதில் அடக்கம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்: நம் கடிகாரப்படி அவள் கிளம்புவது இரவு 9.05, இறங்குவது மறுநாள் மாலை 3.30. குடிநுழைவு வரிசை, பெட்டி எல்லாம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் போட்டுக்கொள்ளுங்கள். காலையிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.