ஒரு மாதமாகக் கரகரக்கும் குரலை முதலில் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு வயது 38. ஆறு மாதமாக ஓயாத சோர்வு. முடி கொட்டுகிறது, மூன்று கிலோ எடை கூடிவிட்டது. டி.எஸ்.எச். 6.1, ஃப்ரீ டி4 நார்மல். கழுத்து ஸ்கேனில் தைராய்டின் வலது பக்கம் 1.6 செ.மீ. கட்டி, டைராட்ஸ் 4 என்று போட்டிருக்கிறார்கள். ஒரு மாதமாகக் குரல் கரகரப்பாக இருக்கிறது, அதிகம் பேசுவதால் இருக்கலாம். முடிக்கு பயோட்டின், இணையத்தில் படித்துவிட்டு அயோடினுக்காகக் கடற்பாசி மாத்திரை, கூடவே அக்காவின் தைராய்டு மாத்திரையான தைராக்சின் 50 மூன்று வாரமாக எடுத்துக்கொள்கிறேன். தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைக்கோஸை நிறுத்திவிட்டேன். மாத்திரையிலேயே கட்டி கரைந்துவிடுமா?

பதில்: கரையாது. தைராக்சின் கொடுத்துக் கட்டியைச் சுருக்கப் பார்த்த காலம் ஒன்று உண்டு. பலன் சொற்பமாக இருந்தது. தேவைக்கு மேல் போன தைராக்சின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். அதனால் அந்த வழக்கத்தையே விட்டுவிட்டோம்.

நீங்கள் உண்மையில் கேட்க வந்தது, இது புற்றுநோயா என்று. அந்தச் சொல்லை மட்டும் எழுதவில்லை. தைராய்டுக் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது சாதாரணக் கட்டிகள். மீதியிலும் பெரும்பாலானவை பாப்பிலரி என்ற வகைப் புற்றுநோய். மெதுவாக வளரும், அறுவை சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆகவே பயந்து உறைந்துபோகத் தேவையில்லை. ஆனால் நீங்கள் ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போன குரல் விஷயத்தை நான் தள்ளமாட்டேன்.

குரல் நாண்களை அசைக்கும் நரம்பு, தைராய்டுக்கு நேர் பின்னால், மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் மேலேறுகிறது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. சாதாரணக் கட்டி பெரிதானாலும் பெரும்பாலும் இந்த நரம்பை ஒதுக்கிவிட்டுத்தான் வளரும். புற்றுநோய் நரம்புக்குள்ளேயே ஊடுருவலாம். அப்போது அந்தப் பக்கத்து நாண் அசையாமல் நின்றுவிடும், குரல் காற்றுப் போனதுபோல் கரகரக்கும். கரகரப்புக்குச் சளி, அதிகப் பேச்சு, வயிற்று அமிலம் மேலேறுவது போன்றவைதான் வழக்கமான காரணங்கள். உங்களுக்கும் அப்படியே இருக்கக்கூடும். ஆனால் மூன்று வாரம் தாண்டிய கரகரப்பும் கழுத்தில் கட்டியும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால், காரணத்தை யூகிக்கக் கூடாது, பார்த்துவிட வேண்டும். தைராய்டு நன்றாகக் குறைந்தாலும் குரல் தடிக்கும் என்பது உண்மையே. தைராய்டு குறையும்போது இரத்தத்தில் ஏறுவதுதான் டி.எஸ்.எச்.; உங்களுடைய 6.1 சற்றே அதிகம், அவ்வளவில் தைராய்டின்மேல் பழியைப் போட முடியாது.

இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு, உங்களை 'ஈ...' என்று சொல்லச் சொல்லி, இரண்டு நாண்களும் அசைகின்றனவா என்று பார்ப்பார். சில நிமிட வேலை. இரண்டும் அசைந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. வலது நாண் அசையவில்லை என்றால் அடுத்த வேலைகள் எல்லாம் வேகமாக நடக்க வேண்டும்.

இன்னொன்று ஊசிப் பரிசோதனை, எஃப்.என்.ஏ.சி. டைராட்ஸ் 4 என்றால் 'புற்றுநோயின் நான்காம் கட்டம்' என்று இணையத்தில் படித்துவிட்டுத் தூக்கம் இழப்பவர்கள் ஏராளம். அது கட்டமே அல்ல, ஸ்கேனில் கட்டி தெரியும் விதத்துக்குப் போடும் சந்தேக மதிப்பெண். அந்த மதிப்பெண்ணில் 1.5 செ.மீ. தொட்டுவிட்டால் ஊசி போட்டுப் பார்ப்பது விதி; உங்களுடையது 1.6. இரத்தம் எடுக்கும் ஊசியை விட மெல்லியதைக் கொண்டு, ஸ்கேனில் பார்த்தபடியே இரண்டு மூன்று முறை குத்திச் செல்களை எடுப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். 'போதிய செல்கள் இல்லை' என்று முடிவு வந்தால் கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மறுபடி குத்த வேண்டும், அவ்வளவே. ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தப் பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

'இரத்தம் கிட்டத்தட்ட நார்மல்தானே' என்று கேட்பீர்கள். சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மட்டுமே டி.எஸ்.எச். சொல்லும். கட்டி எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரியாது. தைராய்டுப் புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு டி.எஸ்.எச். நார்மலாகவே இருக்கும்.

அதோடு உங்கள் ரிப்போர்ட்டையே என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. முடிக்கு விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரைகளில் 5,000 முதல் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கும். பல ஆய்வகங்களின் பரிசோதனை கிட் பயோட்டினை வைத்தே வேலை செய்வதால், டி.எஸ்.எச். இருப்பதை விடக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டலாம். பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். கடற்பாசி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம்தான். அதற்குப் பல மடங்கு கொட்டினால் ஏற்கெனவே தடுமாறும் சுரப்பி இன்னும் படுத்துக்கொள்ளும். அக்காவின் மாத்திரை அக்காவின் எடைக்கும் அவருடைய ரிப்போர்ட்டுக்கும் எழுதியது. அதையும் நிறுத்திவிட்டு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஆன்ட்டி டி.பி.ஓ. (உடலே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் பரிசோதனை) மூன்றையும் பாருங்கள். டி.எஸ்.எச். 10 தாண்டினாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ மாத்திரை பற்றி முடிவெடுக்கலாம். கர்ப்பம் இருக்கலாம் என்று தோன்றினால் மட்டும் இந்த எட்டு வாரக் கணக்கு பொருந்தாது, உடனே மருத்துவரிடம் போங்கள். ஊசிப் பரிசோதனையும் குரல் நாண் பரிசோதனையும் எப்படியும் இதற்காகக் காத்திருக்கக் கூடாது.

முட்டைக்கோஸைச் சமைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மூன்று கிலோவுக்கும் முடிக்கும் இந்த அளவு தைராய்டு மாற்றம் காரணமாக இருப்பது அரிது. சோர்வுக்கும் முடிக்குமாகச் சேர்த்து ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் கண்ணாடி முன் மோவாயைச் சற்றுத் தூக்கி, ஒரு வாய் தண்ணீரை விழுங்கிப் பாருங்கள். தைராய்டுக் கட்டி விழுங்கும்போது மேலேறி இறங்கும். அசையாமல் கல்போல் இருந்தாலோ, வாரத்துக்கு வாரம் பெரிதானாலோ, கழுத்தின் பக்கவாட்டில் வேறு நெறிக்கட்டிகள் தட்டுப்பட்டாலோ மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, மல்லாந்து படுக்கும்போது மூச்சு முட்டினாலோ, எச்சில் விழுங்கவே சிரமமானாலோ அப்பாயின்ட்மென்ட் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது ஸ்கேன் காகிதத்தோடு படங்களையும், இப்போது விழுங்கிக்கொண்டிருக்கும் மூன்று மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.