மூழ்கிய ஸ்பானிய வெள்ளிக் கப்பல்கள்: கேள்வி பதில்

தென் அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்கு வெள்ளி ஏற்றிப்போன ஸ்பானியப் புதையல் கப்பல்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

முருகேசன், தூத்துக்குடி: ஐயா, இவ்வளவு வெள்ளியை ஒரே நேரத்தில் ஏன் கப்பலில் ஏற்றினார்கள்? பிரித்து அனுப்பியிருந்தால் நஷ்டம் குறைந்திருக்குமே?

கடற்கொள்ளையர் பயம்தான் காரணம். பொலிவியாவின் பொட்டோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே வெட்டியதை லாமா என்ற சுமை விலங்குகள், கோவேறு கழுதைகள் முதுகில் கடற்கரைக்கு இறக்கி, பனாமா வழியாகக் கரீபியனுக்குக் கொண்டுவந்து, ஹவானாவில் எல்லாக் கப்பல்களும் ஒன்று சேர்ந்து கிளம்பும். எங்காவது ஓரிடத்தில் தாமதம் ஆனால் மொத்தக் கூட்டமும் காத்திருக்க வேண்டும். அதற்குள் புயல் பருவம் வந்துவிடும். 1622இல் நடந்ததும் இதுதான். செப்டம்பர் 4ஆம் தேதி ஹவானாவை விட்ட 28 கப்பல்களில் எட்டு, அடுத்த இரண்டு நாளுக்குள் ஃபுளோரிடா தீவுகளுக்கு அருகே மூழ்கிவிட்டன. அவற்றில் ஒன்றுதான் அட்டோச்சா. அதில் இருந்த 265 பேரில் பிழைத்தவர்கள் ஐந்தே பேர், பின்பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர்கள்.

கார்த்திகா, கோவை: அமெரிக்கப் புதையல் வேட்டைக்காரர் மெல் ஃபிஷர் அட்டோச்சாவைக் கண்டுபிடித்தது அதிர்ஷ்டமா, திறமையா?

இரண்டையும்விடப் பெரிய பங்கு ஸ்பெயினின் செவில் நகர ஆவணக் காப்பகத்துக்கு உண்டு. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

கப்பல் மூழ்கிய புதிதில் அதன் பாய்மரம் தண்ணீருக்கு மேலேயே தெரிந்தது. முத்துக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். கதவுகளும் பீரங்கித் துளைகளும் இறுக மூடியிருந்ததால் உள்ளே போக முடியவில்லை. அக்டோபரில் இன்னொரு புயல் வந்து அடையாளத்தையே அழித்துவிட்டது. அப்புறம் 1626இல் நூன்யெஸ் மெலியான் என்பவர் வெண்கலத்தில் மூழ்கு மணி (ஆளைக் காற்றோடு கீழே இறக்கும் கூண்டு) ஒன்றைச் செய்து, அதே புயலில் போன சான்டா மார்கரிட்டாவைக் கண்டுபிடித்தார். முதல் வெள்ளிக் கட்டியைத் தொட்டவர் ஹுவான் பன்யோன் என்ற அடிமை. அதற்காக அவருக்கு விடுதலை கிடைத்தது. அட்டோச்சா மட்டும் அகப்படவே இல்லை.

ஃபிஷர் 1969இல் தேடத் தொடங்கியபோது எல்லோரும் ஃபுளோரிடாவின் மத்தெகும்பே தீவுகளைச் சுற்றித்தான் தேடினார்கள், பழைய குறிப்பில் அந்தப் பெயர் இருந்ததால். யூஜின் லயன் என்ற வரலாற்று ஆய்வாளர் செவிலில் உட்கார்ந்து, பூச்சி அரித்த தாள்களில் அந்தக் காலத்துக் கூட்டெழுத்தைப் படித்து, மெலியானின் கணக்குகளில் ‘மார்க்கிஸ் தீவுகள்’ என்ற குறிப்பைப் பிடித்தார். தேட வேண்டிய இடம் சுமார் 100 மைல் மேற்கே இருந்தது. 1973இல் மூன்று வெள்ளிக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் பொறித்த எண்கள் கப்பலின் சரக்குப் பட்டியலோடு ஒத்துப்போனதும் சந்தேகம் தீர்ந்தது.

1975 ஜூலையில் ஃபிஷரின் மகன் டர்க் வெண்கலப் பீரங்கிகளைக் கண்டுபிடித்தார். சில நாளிலேயே அவர்களின் படகு இரவில் கவிழ்ந்து டர்க், அவர் மனைவி, இன்னொரு மூழ்காளர் மூவரும் இறந்தார்கள். முக்கியக் குவியல் கிடைத்தது 1985 ஜூலை 20. மகன் இறந்த பிறகும் பத்து வருஷம் தேடலை விடாமல் ஒரு குடும்பம் நின்றிருக்கிறது. புதையல் வேட்டையை நான் ஆதரிப்பவன் அல்ல, ஆனாலும் அந்த உழைப்பை மதிக்கிறேன்.

அஷ்ரஃப், நாகூர்: மணலுக்கு அடியில் இருப்பதை எப்படி எடுப்பது?

முதலில் படகின் பின்னால் காந்தமானியை இழுத்துக்கொண்டு போவார்கள். நங்கூரம், பீரங்கிக் குண்டு போன்ற இரும்பை அது காட்டும். தங்கம் வெள்ளியைக் காட்டாது. பிறகு படகின் விசிறிக்குப் பின்னால் பெரிய வளைந்த குழாயைப் பொருத்தி, விசிறி தள்ளும் தண்ணீரைக் கீழ்நோக்கித் திருப்புவார்கள். அவர்கள் மொழியில் இதற்கு ‘மெயில்பாக்ஸ்’ என்று பெயர். கலங்கல் இல்லாத மேல்தண்ணீர் அடிக்குப் போய்ப் பார்வை தெளியும். கூடவே மணலில் பெரிய பள்ளமும் விழும்.

என் ஆட்சேபம் அங்கேதான். எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எந்தப் பலகை கிடந்தது என்பதை வைத்துத்தான் கப்பல் எப்படி உடைந்தது, யார் எதை வைத்திருந்தார் என்று சொல்ல முடியும். பள்ளம் விழுந்த பிறகு அதைத் திரும்ப அடுக்க முடியாது.

தேன்மொழி, சேலம்: படங்களில் காசுகள் பளபளவென்று இருக்கின்றன. கடலிலிருந்து வரும்போதே அப்படித்தானா?

தங்கம் அப்படித்தான் வரும். வெள்ளி வராது. உப்புத்தண்ணீரில் வெள்ளியின் மேல்பகுதி கறுத்து சல்ஃபைடாக மாறி, பக்கத்துக் காசுகளோடும் மணலோடும் சேர்ந்து ஈரத்தில் இளகி ஒட்டிய கருப்பட்டி மாதிரி ஒரே கட்டியாக வரும். அதைக் காயவிடக் கூடாது, தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, மெல்லப் பிரித்து, காரக் கரைசலில் குறைந்த மின்சாரம் செலுத்துவார்கள். கறுப்பில் ஒரு பகுதி மறுபடி வெள்ளியாகும், மீதி இளகி வரும். கடைசியில் மிருதுவான தூரிகையால் தேய்க்கத் தேய்க்க, காசின் கேடயச் சின்னத்துக்குப் பக்கத்தில் ‘பி’ என்ற எழுத்து தெரியும். அது பொட்டோசி. அருகில் இன்னோர் எழுத்து, வெள்ளியின் தரத்துக்குப் பொறுப்பேற்ற அதிகாரியுடையது. கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட மலைவாழ் மக்கள் வெட்டிய வெள்ளி அது.

இளங்கோ, சிங்கப்பூர்: எடுத்தவருக்கே சொந்தமா?

கப்பலைப் பொறுத்தது. அட்டோச்சா விஷயத்தில் ஃபுளோரிடா மாநிலத்தோடு நடந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், ஃபிஷருக்குச் சாதகமாக முடிந்தது. மெர்செடெஸ் விஷயம் நேர்மாறு. 1804 அக்டோபர் 5 அன்று போர்ச்சுகல் அருகே பிரிட்டிஷ் கப்பல்களோடு நடந்த சண்டையில் வெடித்துச் சிதறிய ஸ்பானியப் போர்க்கப்பல் அது. தியேகோ தே அல்வெயர் என்ற அதிகாரி பக்கத்துக் கப்பலில் நின்று, தன் மனைவியும் பிள்ளைகளும் சாவதைப் பார்த்திருக்கிறார். 2007இல் ஒடிஸி என்ற அமெரிக்க நிறுவனம் அதிலிருந்து ஏறத்தாழ 6 லட்சம் காசுகளை எடுத்தது. அரசின் போர்க்கப்பல் அரசுக்கே சொந்தம் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் சொன்னதால், 2012இல் 17 டன்னும் ஸ்பெயினுக்குத் திரும்பியது. சரியான தீர்ப்பு என்பேன். ஆனால் காசுகள் தன் மண்ணிலிருந்து போனவை என்று பெருவும் தன் பங்கைக் கேட்டது, கிடைக்கவில்லை. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

1708இல் கொலம்பியாவின் கார்த்தஹேனா அருகே மூழ்கிய சான் ஹோசேவுக்கு கொலம்பியா, ஸ்பெயின், ஓர் அமெரிக்க நிறுவனம் எல்லோரும் உரிமை கோரினார்கள். பொலிவியாவின் காரா காரா என்ற பழங்குடி மக்களும் கேட்கிறார்கள், வெட்டியது தங்கள் முன்னோர் என்று.

செல்வராணி, திருகோணமலை: நம் பக்கத்தில் இப்படி ஏதாவது?

ஸ்பானியக் கப்பல் இல்லை. ஆனால் இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாஸஸ் பாறைகளில் 1961இல் ஔரங்கசீப்பின் வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. பை மக்கிப் போயும் அதன் வடிவத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்த காசுக் கட்டிகள். நீங்கள் இதிலிருந்தே தேடத் தொடங்கலாம், அக்கா.

பிரபு, மதுரை: இணையத்தில் ‘அட்டோச்சா காசு’ விற்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

ஃபிஷர் குழு எடுத்த காசுகளைச் சட்டப்படியே விற்றார்கள், ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட சான்றிதழ் உண்டு. அது இல்லையென்றால் விட்டுவிடுங்கள் தம்பி. விளிம்பைச் சுற்றி வார்ப்பு மடிப்பு, மேலே ஊசி முனை அளவு குழிகள் தெரிந்தால் அச்சில் வார்த்த போலி. அந்தக் காலத்துக் காசு சுத்தியலால் அடித்தது, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒரே விரிசலோடு ஒரே விற்பனையாளரிடம் இரண்டு காசு பார்த்தால் இரண்டுமே போலி. அந்தக் காலத்து ஸ்பானிய எட்டு ரியால் வெள்ளிக் காசு புதிதாக இருந்தபோது சுமார் 27 கிராம். கடலில் கிடந்தது அதைவிடக் குறைவாக இருக்கலாம், கூடுதலாக இருக்காது.