டெக்சாஸின் ஸ்டார் கவுண்டி ஒரே நாளில் கட்சி மாறியதா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மெக்சிகோ எல்லையோரம் உள்ள ஸ்டார் கவுண்டி (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 2024 அதிபர் தேர்தலில் திடீரென்று குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்ந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது திடீரென்று நடந்ததன்று. 1892க்குப் பிறகு, 2024 வரை, அதிபர் தேர்தலில் அங்கு குடியரசுக் கட்சி வேட்பாளர் எவரும் வென்றதில்லை என்பது உண்மை. ஆனால் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களில் 2012இல் ஒபாமாவுக்கு ஏறத்தாழ 86 சதவீதமும் 2016இல் ஹிலாரிக்கு 79 சதவீதமும் கிடைத்த இடத்தில், 2020இல் பைடன் 52 சதவீதத்தோடு தப்பிப் பிழைத்தார். 2024இல் குடியரசுக் கட்சியின் டிரம்ப் பெற்றது சுமார் 58 சதவீதம். ஜனநாயகக் கட்சியின் பெரிய சரிவு 2020இலேயே நிகழ்ந்துவிட்டது.

அங்குள்ள மக்களில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். ஆகவே குடியேற்றக் கெடுபிடிகளை எதிர்ப்பார்கள் என்று வெளியூர் ஆய்வாளர்கள் கணித்தது தவறு என்பதே என் கருத்து. அந்தக் கவுண்டியிலுள்ள ரோமா நகரின் மேட்டில் நின்றால் ரியோ கிராண்டே ஆற்றுக்கு அப்பால் மெக்சிகோவின் தெருக்கள் தெரியும். அந்த அளவுக்கு எல்லை அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை. எல்லைக் காவல் பணியும் எண்ணெய் வயல் வேலையும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. வருமானம் குறைந்த அந்த வட்டாரத்தில் விலைவாசி ஏற்றம் நேரடியாக அடுப்படியைத் தாக்கியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளூர்ப் பதவிகளுக்கான உண்மையான போட்டி நெடுங்காலமாக ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலுக்குள்ளேயே முடிந்துவந்தது. அந்தக் கட்சி மீதான பற்று கொள்கையைவிட உறவையும் அறிமுகத்தையும் சார்ந்திருந்ததால், அதிபர் தேர்தலுக்கான வாக்கு அதிலிருந்து பிரிந்துபோவது எளிதாயிற்று.