கிரேடு 9 படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

அம்மா, வணக்கம்.

கேள்விகள் நான்கைந்து எழுதியிருந்தாலும் உங்கள் கவலை ஒன்றுதான் என்று படுகிறது. திருச்சியாக இருந்தால் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வது, யாரைப் போய்ப் பார்ப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அது பிடிபடவில்லை. மகள் கிரேடு 9, அதாவது ஒன்பதாம் வகுப்பு. அவளை மருத்துவம் படிக்க வைக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. கணிதத்தில் 52, இந்தப் பகுதி மொழியான ஜூலுவில் 31. பாடத் தேர்வுப் படிவத்தைக் கையில் கொடுத்து, கணிதத்தை விட்டுவிட்டு மேத்ஸ் லிட், அதாவது அன்றாடக் கணக்குப் பாடம், எடுப்பது நல்லது என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கணவரோ கவர்மென்ட் ஸ்கூலில் போட்டதே தப்பு, பிரைவேட்டுக்கு மாற்றிவிடலாம் என்கிறார்.

பள்ளியை மாற்ற வேண்டாம். படிவத்தில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும்.

ஊரில் அரசுப் பள்ளி என்றதும் மனதில் வரும் படத்தை வைத்து இங்குள்ள பொதுப் பள்ளியை எடை போட முடியாது. சுற்றுவட்டாரத்தின் வறுமையைக் கணக்கில் எடுத்துப் பொதுப் பள்ளிகளை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மூன்று படிகளில் உள்ள பள்ளிகளில் கட்டணம் கிடையாது. நான்காம், ஐந்தாம் படிப் பள்ளிகள் கட்டணம் வாங்கலாம். எவ்வளவு என்பதைப் பெற்றோர் கூட்டம் வாக்களித்து முடிவு செய்யும். அரசு தரும் ஆசிரியர் பணியிடங்கள் போக, இந்தப் பணத்தில் கூடுதல் ஆசிரியர்களை வைத்துக்கொள்வார்கள். மகள் வகுப்பில் 32 பேர்தான் என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தீர்கள், அது பெரும்பாலும் இப்படி வந்ததுதான். தனியார் பள்ளிகள் பலவற்றில் ஐ.இ.பி. என்ற தனித் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வை எழுதுகிறார்கள். ஆனால் மேட்ரிக், அதாவது இங்கே கிரேடு 12 பொதுத் தேர்வு, முடித்ததும் கைக்கு வரும் தேசியச் சான்றிதழ் இரண்டு பக்கமும் ஒன்றே, உமலுசி என்ற அரசுத் தர அமைப்பு வழங்குவது. வருடத்துக்கு இரண்டு மூன்று மடங்கு பணம் கட்டினாலும் கணிதத்தில் 52 எடுத்த பிள்ளை அங்கேயும் அதே படிவத்தின் முன்தான் உட்கார வேண்டும்.

உங்கள் கணவருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். இந்த ஊரில் நம் ஆட்கள் பொதுப் பள்ளியை இளக்காரமாகப் பார்த்ததில்லை, கைக்காசு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் முகவராக இங்கே இருந்தபோது இந்தியச் சமூகத்திடம் நன்கொடை திரட்டி எழுப்பியதுதான் 1929இல் திறந்த சாஸ்திரி கல்லூரி. பெயரில் கல்லூரி இருந்தாலும் அது உயர்நிலைப் பள்ளி, இன்றும் பொதுப் பள்ளியாகவே நடக்கிறது.

சரி, படிவத்துக்கு வருவோம். கிரேடு 9 வரை எல்லாருக்கும் ஒரே ஒன்பது பாடம். கிரேடு 10இலிருந்து ஏழு. அதில் நான்கு கட்டாயம்: இரண்டு மொழிகள், கணிதம் அல்லது மேத்ஸ் லிட், லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடம். மீதி மூன்று அவள் தேர்ந்தெடுப்பது. நம் ஊர் ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப் போல நாடு முழுக்க ஒரே கட்டு இங்கே இல்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளியும் கால அட்டவணைக்குத் தக்கபடி பாடங்களைப் பத்தி பத்தியாகப் போட்டிருக்கும். ஒரு பத்தியில் ஒரு பாடம்தான் எடுக்க முடியும். அதனால் பாடத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், எந்தப் பாடம் எந்தப் பாடத்தோடு ஒரே பத்தியில் மோதுகிறது என்று பாருங்கள். பிசிக்கல் சயின்ஸும் (இயற்பியல், வேதியியல்) லைஃப் சயின்ஸும் (உயிரியல்) ஒரே பத்தியில் கிடந்தால் மருத்துவக் கனவு அந்தத் தாளிலேயே இடிக்கும்.

மேத்ஸ் லிட் மட்டமான பாடம் இல்லை. கடன் வட்டி, வரி, அளவை, வரைபடம் என்று வாழ்க்கைக்கு வேண்டியதைத்தான் கற்றுத் தருகிறது. சட்டம், இதழியல், சமூகப்பணி மாதிரியான படிப்புகளுக்கு அதை வைத்துக்கொண்டு போகிற பிள்ளைகள் நிறைய. ஆனால் மருத்துவம், பொறியியல், கணினி அறிவியல், பட்டயக் கணக்காளர் படிப்பு இவையெல்லாம் மேத்ஸ் லிட்டை ஏற்பதில்லை. அதைவிட முக்கியம், கணிதம் எடுத்துவிட்டு முடியாமல் மேத்ஸ் லிட்டுக்கு இறங்குவது எளிது. மேத்ஸ் லிட்டிலிருந்து கணிதத்துக்கு ஏறியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பிறகு ஏன் பள்ளி அப்படிச் சொல்கிறது? நியாயமான காரணம் உண்டு. கிரேடு 9இல் 50ஐ ஒட்டி நிற்கிற மார்க் கிரேடு 10இல் பெரும்பாலும் சரியும். அங்கே பாடம் திடீரென்று கனத்துவிடுகிறது. வெளியே சொல்லாத காரணமும் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் மேட்ரிக் முடிவு வரும்போது பள்ளியின் தேர்ச்சி சதவீதத்தை ஊரே பேசும். கணிதத்தில் தடுமாறும் பிள்ளை மேத்ஸ் லிட்டுக்குப் போனால் அந்த எண் பத்திரமாக இருக்கும். உங்கள் மகள் விஷயத்தில் இரண்டில் எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, விடைத்தாள் சொல்லும். ஜூன் தேர்வுத் தாளை வாங்கிப் பாருங்கள். காரணிப்படுத்துதல், சமன்பாடு இவற்றில் அடி வாங்கியிருந்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டியதுதான், ஏனென்றால் கிரேடு 10 முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. வடிவியலிலும் வார்த்தைக் கணக்கிலும் போயிருந்தால் அது பெரும்பாலும் ஆங்கிலக் கேள்வியைப் புரிந்துகொள்வதில் வந்த சிக்கல். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். அது ஆறு மாதத்தில் சரியாகும்.

என் யோசனை: கணிதம், பிசிக்கல் சயின்ஸ், லைஃப் சயின்ஸ். ஏழாவது பாடமாக அவளுக்குப் பிடித்ததை, மார்க் வரக்கூடியதைப் போடுங்கள், மருத்துவத்துக்கு உதவுமா என்று பார்க்க வேண்டாம். பல்கலைக்கழகங்கள் பாடவாரியாகப் புள்ளி கூட்டித்தான் வரிசைப்படுத்துகின்றன. 80க்கு மேல் ஏழு புள்ளி, 50களில் நான்கு புள்ளி. ஜியோகிரபியில் வரும் ஏழும் பிசிக்கல் சயின்ஸில் வரும் ஏழும் கூட்டலில் ஒன்றுதான். பட்டப்படிப்புக்குத் தகுதி பெறவே லைஃப் ஓரியன்டேஷன் நீங்கலாக நான்கு பாடங்களில் 50 வேண்டும். கிரேடு 10 ஜூன் தேர்வில் கணிதம் 40க்குக் கீழே போனால் அப்போது மறுபடி பேசலாம்.

அடுத்து ஜூலு. நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் ஜூலுவையோ ஆப்பிரிக்கான்ஸையோ ஆரம்பப் பள்ளியிலிருந்தே படிக்கிறார்கள். உங்கள் மகள் கிரேடு 8இல் வந்து இறங்கியவள். இப்படிப்பட்டவர்களுக்காகவே விதியில் ஒரு சலுகை இருக்கிறது. கிரேடு 7இலோ அதற்கு மேலோ முதன்முதலாகத் தென்னாப்பிரிக்கப் பள்ளியில் சேர்ந்த வெளிநாட்டுப் பிள்ளை, மேட்ரிக்குக்கு ஓர் ஆட்சிமொழி மட்டும் எடுத்தால் போதும். இரண்டாவது மொழிக்குப் பதில் வேறொரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். இது தானாக வராது. கடவுச்சீட்டு, விசா, திருச்சிப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், கடைசி மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து, பள்ளி வழியாகக் கல்வித்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி அலுவலகத்திலேயே சிலருக்கு இது தெரிந்திருக்காது, ஏனென்றால் எல்லா வருடமும் இப்படி ஒரு பிள்ளை வராது. ‘இமிக்ரன்ட் கேண்டிடேட்’ சலுகை என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ஜூலு போனால் அந்த இடத்தில் 60, 70 வாங்கக்கூடிய ஒரு பாடம் வரும். கணிதத்துக்கு உட்கார நேரமும் கிடைக்கும். இந்த வருடம் கிரேடு 9 தேர்ச்சிக்கு ஜூலு மார்க் என்ன ஆகும் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

தமிழை எடுக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2014இல் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஐந்தையும் பள்ளிப் பாடத்திட்டத்தின் விருப்ப மொழிகளில் சேர்த்தார்கள். தாளில் இடம் இருக்கிறது, உயர்நிலையில் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் கிடைக்கிற பள்ளி அரிது. பிரின்சிபாலிடம் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதை நம்பிப் படிவத்தை நிரப்பாதீர்கள்.

யாரிடம் போவது என்பதில்தான் புதிதாக வந்தவர்கள் சறுக்குகிறார்கள். நேரே பிரின்சிபால் அறைக்குப் போகிறார்கள், அல்லது யாரையும் பார்க்காமல் இருந்துவிடுகிறார்கள். மார்க் விவகாரம் என்றால் முதலில் பாட ஆசிரியர், அப்புறம் அந்தப் பாடத்துறைத் தலைவரான எச்.ஓ.டி. வருகை, நடத்தை, தோழிகளோடு சண்டை, பிள்ளை சோர்ந்திருப்பது என்றால் வகுப்பாசிரியர், அடுத்து அந்த கிரேடு முழுவதற்கும் பொறுப்பான ஆசிரியர். படிப்புத் தேர்வுக்கு லைஃப் ஓரியன்டேஷன் ஆசிரியர். தொழில் வழிகாட்டல் அந்தப் பாடத்துக்குள்தான் வருகிறது, அதை வெறும் மார்க் வாங்குகிற பாடமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். எஸ்.ஜி.பி. எனப்படும் நிர்வாகக் குழுவில் ஓட்டுரிமை உள்ள மற்ற எல்லாரையும் சேர்த்தால் வரும் எண்ணிக்கையைவிடப் பெற்றோர் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கட்டணம், சீருடை, நடத்தை விதி, பட்ஜெட் எல்லாம் அங்கே பேசலாம். ஒரு பிள்ளையின் மார்க்கை அங்கே கொண்டுபோனால் ஆசிரியரோடு உறவு கெடும், வேறு பலன் இல்லை.

மகனைப் பற்றி. கிரேடு 8, பேசினால் எல்லாம் தெரிகிறது, எழுத உட்கார்ந்தால் பாதித் தாள்கூட முடிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ‘சோம்பேறி’ என்று நீங்கள் எழுதியிருப்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஆதரவுக் குழு ஒன்று இருக்க வேண்டும், எஸ்.பி.எஸ்.டி. என்பார்கள். 2014ஆம் ஆண்டுக் கொள்கைப்படி ஆசிரியர் முதலில் ஒரு படிவத்தில் பிள்ளையின் சிரமத்தையும் வகுப்பில் என்ன செய்து பார்த்தார் என்பதையும் பதிவு செய்வார். அது போதாவிட்டால் பள்ளிக் குழு எடுத்துக்கொள்ளும், அதற்கும் மேலே மாவட்டக் குழு. பெற்றோருக்கு இதில் பேச இடம் உண்டு. கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துச் சொல்ல ஆள், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் மேட்ரிக் வரை உண்டு. ஆனால் மேட்ரிக்கில் அது கிடைக்க முந்தைய வருடங்களின் பதிவு வேண்டும். கிரேடு 12 மார்ச்சில் ஓடிவருகிற பெற்றோரிடம் எனக்குச் சொல்ல அதிகம் இருப்பதில்லை. கண் பரிசோதனை செய்தீர்களா? முதலில் அதை முடித்துவிடுங்கள்.

கட்டணம் பற்றிக் கொஞ்சம் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தயக்கமே வேண்டாம். பிடித்தங்களுக்கு முந்தைய பெற்றோர் இருவரின் மொத்த ஆண்டு வருமானத்தில் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம் 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் முழு விலக்கு. 2க்கும் 10க்கும் நடுவில் என்றால் பகுதி விலக்கு. உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் கட்டணப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும். வருமானம் 4,00,000 ராண்ட், கட்டணம் 24,000 என்றால் 6 சதவீதம். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு விண்ணப்பிக்க அது தாராளமாகப் போதும். படிவத்தைப் பள்ளி தர வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் பாக்கி என்று பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தவோ ரிப்போர்ட்டைப் பிடித்து வைக்கவோ பொதுப் பள்ளிக்கு உரிமை இல்லை.

மருத்துவம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். குடியுரிமை இல்லாத மாணவர்களுக்கு இங்கே மருத்துவ இடங்கள் மிகக் குறைவு, மார்க் எவ்வளவு வந்தாலும். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா, எப்போது வரும் என்பது மகளின் கணித மார்க் அளவுக்கு முக்கியம். இந்தியாவில் நீட் எழுதலாம் என்ற எண்ணம் இருந்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் அங்கே வேண்டும். இங்கே பிசிக்கல் சயின்ஸ் ஒரே பாடம். முதல் தாள் இயற்பியல், இரண்டாம் தாள் வேதியியல். இது அங்கே எப்படிக் கணக்கில் எடுக்கப்படும் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் இப்போதே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அவளுக்கு உண்மையில் மருத்துவம்தான் வேண்டுமா என்று அவளிடமும் ஒருமுறை கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவள் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. பிசியோதெரபி, மருந்தியல், ஆப்டோமெட்ரி எல்லாவற்றுக்கும் இதே பாடங்கள்தான் அடித்தளம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் மூலம் ஒரே விண்ணப்பத்தில் போடலாம், அது கிரேடு 12இல் பார்த்துக்கொள்ள வேண்டியது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஜூன் கணிதத் தாளை வாங்குங்கள், கணித எச்.ஓ.டி.யிடம் நேரம் கேளுங்கள், மகளையும் கூடவே அழைத்துப் போங்கள். மொழிச் சலுகைக்கான நகல்களை அலுவலகத்தில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் பெறுங்கள். படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருக்கிறார்கள் என்றீர்கள். அதற்குள் சந்திப்புக் கிடைக்காவிட்டால் கணிதம் என்றே எழுதி, சந்திப்புக்குப் பிறகு உறுதி செய்கிறோம் என்று ஓரத்தில் குறிப்புப் போட்டுக் கொடுங்கள். கொடுக்கும் முன் படிவத்தைப் போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பத்திகளைப் பார்த்துச் சொல்கிறேன்.