மறதி நோய் உள்ளவரைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு ஆன்லைன் ஆதரவுக் குழுக்களால் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் தகப்பனை வீட்டில் வைத்துப் பார்ப்பவர். ஊரில் இதைப் பற்றிக் கதைக்க ஆளில்லை, முகம் தெரியாதவர்களோடு வட்ஸ்அப்பில் கதைத்து என்ன ஆகப்போகிறது என்கிறார்.

ஆகும். ஆனால் எந்தக் குழு என்பதைப் பார்க்க வேண்டும்.

நான் மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம். அம்மாவுக்கு அல்சைமர். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வீட்டோடு தாய் தகப்பனும் அவள் பொறுப்பு. அண்ணாமார் வெளிநாட்டில். காசு அனுப்புவார்கள், வீடியோ கோலில் பார்த்துவிட்டு "அம்மா நல்லாத்தானே கதைக்கிறா" என்று தீர்ப்பும் சொல்வார்கள். ஐந்து நிமிடம் அம்மா நல்லாத்தான் கதைப்பார், அதுதான் இந்த நோயின் கெட்டித்தனம்.

அயலவர்களையும் குறை சொல்ல முடியாது. "அறளை பேர்ந்திட்டு, வயசு போனா அப்படித்தான் மனே" என்பார்கள். ஆனால் பெற்ற தாய் படலையடியில் நின்று "என்ர காப்பை நீதான் களவெடுத்தாய்" என்று கத்துவதை அவர்களிடம் எப்படி விளங்கப்படுத்துவது? குழுவில் எழுதினால் ஒருவரும் திடுக்கிடுவதில்லை. "எங்கட வீட்டில பென்ஷன் புத்தகம்" என்று ஒருவர் பதில் போடுவார். இன்னொருவர், மறுத்துப் பேசாமல் கூடச் சேர்ந்து தேடுங்கள், ஒளிக்கிற இடம் அநேகமாக மாறாது என்பார். அம்மாவின் இடம் அரிசி வாளி.

அப்புறம் நேரம். இந்த நோயாளர்களில் பலருக்குப் பொழுதுபட்டதும் அந்தரம் கூடும், இரவு நித்திரை குழம்பும். இரவு இரண்டு மணிக்கு, சொந்த வீட்டுக்குள் நின்றுகொண்டே "வீட்டை போவம்" என்று அம்மா சேலையைச் சரிசெய்யும்போது நான் யாரை எழுப்புவது? டொரோண்டோவில் அப்போது பின்னேரம். அங்கே தன் மாமியைப் பார்க்கிற ஓர் அக்கா உடனே குரல் பதிவு அனுப்புவார்: "வெளியே கூட்டிக்கொண்டு போய் வளவைச் சுற்றி நடந்துவிட்டு அதே படலையால் உள்ளே வாங்கோ." பல நாள் அது வேலை செய்யும். செய்யாத இரவிலும் ஒரு மனிசி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற தென்பு பெரிது.

சொந்த மொழிக் குழுவாக, முடிந்தால் சொந்தப் பிரதேசத்தவர்களும் இருக்கிற குழுவாகப் பாருங்கள் என்பதை அழுத்திச் சொல்வேன். ஆங்கிலக் குழுக்களில் தகவல் நிறைய உண்டு. ஆனால் அண்மைய நினைவு முதலில் போய்ப் பழையது நிற்கும் என்றால், எங்கள் ஆட்களிடம் நிற்பது எது? மாரியில் காற்று எழும்பினால் அம்மா 1978 நவம்பர் சூறாவளிக்குள் போய்விடுவார். சன்னலை எல்லாம் சாத்தச் சொல்லிப் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுவார். ஓர் இரவு உடுப்புகளைப் பொட்டணியாகக் கட்டி வைத்திருந்தார். அது 1990 யுத்தகால இடம்பெயர்வு. இதை வெள்ளைக்காரருக்கு விளக்குவதற்குள் விடிந்துவிடும். குழுவில் இருக்கிற, திருக்கோவில் ஊர்ப் பக்கத்து ஒருவருக்கு விளக்கவே தேவைப்படவில்லை. அவருடைய அப்பா காற்றடித்தால் மாட்டை அவிழ்த்து விடச் சொல்லி நிற்பாராம். மாடு விற்றுப் பல காலம். "அவிழ்த்தாச்சு அப்பா, எல்லாம் மேட்டுக்குப் போயிட்டுது" என்று சொன்னால்தான் படுப்பாராம். இப்போது நானும் சன்னல்களை அம்மாவோடு சேர்ந்தே சாத்துகிறேன், பிள்ளைகள் எல்லோரும் உள்ளே என்கிறேன்.

மருந்து விஷயத்தில் மட்டும் குழுவை நம்ப வேண்டாம். "ஆளை அமர்த்த" யாரோ ஒரு குளிசையின் பெயரைப் போடுவார். மனநோய்க்குக் கொடுக்கிற சில மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாத ஆபத்தையும் இறப்பு ஆபத்தையும் கூட்டுபவை. வைத்தியர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதேபோல ஒன்றிரண்டு நாளில் ஆள் திடீரென்று மாறினால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குடிக்காதது, மலச்சிக்கல் கூட அப்படிக் குழப்பும். தைரொய்ட் கோளாறும் பி12 குறைபாடும் மறதி நோய் மாதிரியே தோன்றலாம், அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். மூளைக்கு எண்ணெய், சூரணம் என்று விற்க வருகிறவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடாத அட்மின் உள்ள குழு, என்னைக் கேட்டால், சரிவராது.

இன்னொன்று: நோயாளியின் வீடியோ போடுகிற குழுவில் நான் இருக்க மாட்டேன். குளிக்க மறுக்கிற அம்மாவைப் படம்பிடித்துப் போட்டு ஆலோசனை கேட்பவர் நல்ல மனதோடுதான் கேட்கிறார். ஆனால் நாலு பேருக்கு முன் தலைமுடி கலையாமல் வாழ்ந்த மனிசி அவர். எழுதிக் கேளுங்கள், போதும்.

குழு கிடைக்காவிட்டால் கிளினிக் வரிசையில் உங்களைப் போல ஒருவர் கட்டாயம் இருப்பார், அவருடைய நம்பரை வாங்குங்கள். இரண்டு பேரே ஒரு குழுதான். பராமரிப்பைப் படிக்க விரும்பினால் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசப்போர்ட் என்ற இலவசப் பயிற்சி இணையத்தில் உண்டு. கொழும்பில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் இருக்கிறது. எங்களுக்குத் தூரம்தான், ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 1926க்கு எடுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம். நோயாளிக்கு மட்டுமல்ல, பார்ப்பவரும் எடுக்கலாம்.